சாகாத ஆடு, இரும்பு மாடு

வாரத்துக்கு விட்ட மாடு செத்துப்போனால் நட்டம் யாருக்கு?

கேரளத்தின் தமிழ் எல்லையோர ஊரான எருத்தேன்பதிப் பக்கம் இதைக் கேட்டால் யோசிக்காமல் பதில் வரும்: "ரெண்டு பேருக்குந்தான்." கிடேரி ஒருத்தருடையது, தீனியும் பாடும் இன்னொருத்தருடையது. ஈன்ற கன்றை எப்படிப் பிரிப்பது என்பது ஊருக்கு ஊர், ஆளுக்கு ஆள் மாறும். ஓர் ஈத்து உனக்கு, மறு ஈத்து எனக்கு என்பார்கள் சிலர். விற்ற காசில் கிடேரியின் விலையைக் கழித்துவிட்டு மீதியில் பாதி பாதி என்பார்கள் சிலர். பத்திரம் கிடையாது, பேசும்போது பக்கத்தில் நின்றவர்களே சாட்சி. மாடு நோயில் விழுந்து செத்தால் உடையவருக்கு மாடு போச்சு, வளர்த்தவருக்குப் பாடு போச்சு. அதற்கு மேல் ஒருவர் மற்றவரைக் கேட்க ஒன்றுமில்லை.

இந்தப் பதிலைக் கொஞ்சம் மாற்றிப் பார்ப்போம். மாடு செத்தாலும் உடையவர் கணக்கில் அது சாகவில்லை என்று வைத்துக்கொண்டால்? அப்படி வைத்துக்கொண்ட ஒப்பந்தம் ஒன்று ஜெர்மானியர்களிடம் இருந்தது. வேறு உருவில் இன்றும் இருக்கிறது. அதன் பழைய பெயர் 'ஐசர்ன் ஃபீ'. ஐசர்ன் என்றால் இரும்பாலானது. ஃபீ என்றால் ஆடு, மாடு எல்லாம் சேர்ந்த கால்நடை. இரும்புக் கால்நடை!

பண்ணையைக் குத்தகைக்கு விடும் நிலக்கிழார் அதோடு தொழுவத்தையும் சேர்த்து விடுவார். இருபது மாடு இருந்தால் இருபது என்று எழுதிக்கொள்வார்கள். குத்தகை முடியும் நாளில் குத்தகைக்காரர் அதே மதிப்புள்ள இருபது மாட்டை நிறுத்திவிட்டுப் போக வேண்டும். நடுவில் நோய் வந்ததா, ஓநாய் வந்ததா என்பதெல்லாம் அவர் பாடு. நடுவில் பிறந்த கன்றுகளும் அவருக்கே. இரும்புக் கால்நடை சாகாது என்று ஜெர்மன் மொழியில் ஒரு சட்டப் பழமொழியே உண்டு.

'இரும்பு' என்றதும் நமக்கு வலு நினைவுக்கு வரும். ஜெர்மானியர்களுக்கு இந்த இடத்தில் வருவது மாறாமை. கை வைக்கக் கூடாதென்று ஒதுக்கி வைத்த பணத்தை அவர்கள் இன்றும் 'இரும்புச் சேமிப்பு' என்பார்கள். சிப்பாயின் பையில் கடைசிவரை பிரிக்காமல் இருக்க வேண்டிய உணவுப் பொட்டலம் 'இரும்புப் படி'. கடன்காரரைக் குறிப்பிட்ட காலத்துக்கு யாரும் நெருக்கக் கூடாது என்று அரசர் கொடுத்த ஓலை 'இரும்புக் கடிதம்'. அந்த வரிசையில்தான் இரும்பு மாடும் வருகிறது. உலோகத்துக்கும் மாட்டுக்கும் உறவில்லை. எண்ணிக்கை துருப்பிடிக்காது, அவ்வளவுதான்.

நிலக்கிழாரோடு இது நிற்கவில்லை. மாதா கோயில்களுக்கும் பக்தர்கள் பசு எழுதிவைத்தார்கள். கோயில் அந்தப் பசுவை ஒரு குடியானவரிடம் ஒப்படைக்கும். அவர் ஆண்டுதோறும் மெழுகோ எண்ணெயோ அதற்கு ஈடான காசோ கொடுத்துக் கோயில் விளக்கை எரிய வைக்க வேண்டும். பசு கிழடானால் அவரே இன்னொன்றை அதன் இடத்தில் கட்ட வேண்டும். இந்தப் பசுவுக்கு 'எப்போதும்-பசு', 'நித்தியப் பசு' என்றெல்லாம் பெயர் வைத்தார்கள்.

தமிழ் படித்தவர்களுக்கு இந்த இடத்தில் ஒரு மணி அடித்திருக்க வேண்டும்.

சோழர் காலக் கல்வெட்டுகளைப் புரட்டினால் சலிக்கச் சலிக்க வரும் செய்தி ஒன்று உண்டு: இன்னார், இந்தக் கோயிலில், ஒரு நந்தா விளக்கு எரிக்க, 96 ஆடு கொடுத்தார். சில இடங்களில் 90. ஆடுகளை ஏற்பவர் இடையர். மன்றாடி என்று கல்வெட்டு அவரைக் குறிக்கும். நாள்தோறும் ஓர் உழக்கு நெய் அளக்க வேண்டும். எதுவரை? சந்திரனும் சூரியனும் உள்ளவரை. கொடுத்தவர் செத்து, ஏற்றவர் செத்து, அவர் பேரனும் செத்த பிறகும் ஆடு 96தான். அந்த ஆடுகளுக்குக் கல்வெட்டு வைத்த பெயர் 'சாவா மூவாப் பேராடு'. சாகாத, மூப்படையாத பெரிய ஆடு.

ஒன்று பொன்னி ஆற்றங்கரை, மற்றொன்று ஆல்ப்ஸ் மலையடிவாரம். ஒருவரைப் பார்த்து ஒருவர் எழுதியிருக்க வழியில்லை. ஆனாலும் இரண்டு இடத்திலும் விளக்கு, இரண்டு இடத்திலும் கால்நடை, இரண்டு இடத்திலும் சாவை மறுக்கும் பெயர். சொல்லாராய்ச்சியில் இப்படி ஒன்றைப் பார்த்தவுடன் 'யார் யாரிடமிருந்து வாங்கினார்கள்' என்று கிளம்பிவிடும் ஆசை எல்லோருக்கும் உண்டு. பறவைக்கும் வௌவாலுக்கும் இறக்கை இருக்கிறது. அதற்காக ஒன்று மற்றதன் பிள்ளை என்று உயிரியல் சொல்வதில்லை. பறக்க வேண்டிய தேவை இரண்டுக்கும் தனித்தனியாக இறக்கையை முளைக்க வைத்தது. முடிவில்லாத காலத்துக்கு முதலீடு செய்ய வேண்டும் என்ற தேவை இரண்டு மொழிகளில் தனித்தனியாக முளைக்க வைத்த சொற்கள் இவை.

ஆடு சாகாமல் இருக்க முடியாது. மந்தை சாகாமல் இருக்க முடியும். இதுதான் அந்தப் பெயருக்குள் இருக்கும் கணக்கு. மனக்கணக்காகப் போட்டுப் பார்ப்போம். 96 பெட்டையில் ஆண்டுக்கு 70 குட்டி ஈனட்டும். 20 குட்டி பிழைக்காது என்று வைப்போம். மிஞ்சிய 50இல் 25 பெட்டை, 25 கிடாய். கிழடும் நோயுமாக 12 தாய் ஆடு போகிறது. அந்த 12 இடத்தைப் புதுப் பெட்டைகளால் நிரப்பிய பிறகும் 13 பெட்டை மிச்சம்; 25 கிடாயும் மிச்சம். எண்ணிக்கை 96 ஆகவே நிற்க, இடையருக்கு இத்தனையும் ஊதியம். பெட்டையை மட்டும் எண்ணினால் மந்தை நூற்றுக்குப் பதின்மூன்று சொச்சம் வளர்கிறது. தஞ்சைப் பெரிய கோயிலில் ராஜராஜன் காலத்தில் ஊர்ச் சபைகளிடம் காசாகக் கொடுத்த முதலுக்குக் கேட்ட ஆண்டு வட்டி, காசுக்கு அரைக்கால் காசு. நூற்றுக்குப் பன்னிரண்டரை. எனக்கு வேண்டிய விடை வரும்படி ஆட்டுக் கணக்கில் எண்களைப் பொறுக்கிப் போட்டேன் என்று நீங்கள் சொன்னால் மறுக்க மாட்டேன். ஆனால் குட்டி கொஞ்சம் கூடினாலும் குறைந்தாலும் விடை அந்தச் சுற்றுவட்டாரத்தை விட்டு வெகுதூரம் ஓடாது. வட்டி என்ற எண்ணம் எந்த மந்தையைப் பார்த்துப் பிறந்திருக்கும் என்பதற்கு இவ்வளவு போதும்.

மழை தப்பிய ஆண்டில் இந்தக் கணக்கு என்ன ஆகும் என்பதைத்தான் கல்வெட்டு சொல்லாது. எருத்தேன்பதி இருப்பது பாலக்காட்டுக் கணவாயின் கிழக்கு வாசலில், மழை மறைவு நிலத்தில். மேற்கே மீதிக் கேரளம் நனைந்துகொண்டிருக்கும்போது இங்கே தென்னை வாடி நிற்பதைப் பார்க்கலாம். அப்படிப்பட்ட ஊரில் நின்றுகொண்டு 'சாவா மூவா' என்ற சொல்லைப் படித்தால் அதன் அழகை விட அதன் கறார்தான் கண்ணில் படுகிறது. ஆடு சாகாது என்பது ஆட்டைப் பற்றிய செய்தியே அல்ல. செத்தால் அந்தச் சாவு கோயில் கணக்கில் ஏறாது, இடையர் கணக்கில் ஏறும் என்பதுதான் அதன் பொருள். பெரிய கோயில் கல்வெட்டுகளில் ஆடு ஏற்ற இடையர்களின் பெயர்களோடு அவர்களுக்குப் பிணை நின்ற உறவினர்களின் பெயர்களும் வெட்டப்பட்டிருக்கின்றன. இரண்டு கால் மனிதர் சாகக் கூடியவர் என்பது ஒப்பந்தம் எழுதியவர்களுக்கு நன்றாகவே தெரிந்திருக்கிறது.

சாவு யார் கணக்கில் ஏறும் என்பதை ஜெர்மன் சட்டம் மூடி மறைக்கவில்லை. இன்றைய ஜெர்மன் சிவில் சட்டத் தொகுப்பில் 582அ என்றொரு பிரிவு. பண்ணையின் தளவாடங்களை மதிப்புப் போட்டு ஏற்றுக்கொண்ட குத்தகைக்காரர், முடிவில் அதே மதிப்புக்குத் திருப்ப வேண்டும். தற்செயலாக அழிந்தாலும் கெட்டாலும் பொறுப்பு அவருடையதே என்கிறது. சட்டத்தின் வாசகத்தில் இரும்பு இல்லை. ஆனால் வக்கீல்களும் வருமான வரிக்காரர்களும் இந்த ஏற்பாட்டை இன்றைக்கும் 'ஐசர்னே ஃபெர்பாக்டுங்' என்றே அழைக்கிறார்கள்: இரும்புக் குத்தகை. மாட்டின் இடத்தில் டிராக்டர் வந்துவிட்டது. இரும்பு அப்படியே இருக்கிறது. டிராக்டருக்கு அது பொருத்தமும்கூட.

இனி அந்த அரைக்காலுக்கு வருவோம். சோழர் கல்வெட்டுகளில் வட்டிக்குப் 'பொலிசை' என்ற சொல் வரும். 'பலிசை' என்றும் வரும். தமிழ்நாட்டில் இன்று இந்தச் சொல்லை யாரும் சொல்வதில்லை. எருத்தேன்பதிக்காரர் தினமும் பார்க்கிறார். வீட்டில் பேசுவது தமிழ். வங்கிப் பலகையிலும் கூட்டுறவுச் சங்க நோட்டீசிலும் இருப்பது மலையாளம். அந்தப் பலகையில் வட்டிக்கு நேரான சொல் 'பலிச'. தமிழின் 'ஐ' ஈறு மலையாளத்தில் 'அ' ஆகும்: தலை தல ஆனது போல, மலை மல ஆனது போல, பலிசை பலிச ஆனது. ராஜராஜன் காலத்துத் தமிழ்ச் சொல்லை மலையாளம் பத்திரமாக வைத்திருந்து, எல்லையோரத் தமிழருக்கே கவுண்ட்டரில் திருப்பி நீட்டுகிறது.

பொலிசைக்குள் இருப்பது 'பொலி'. களத்தில் தூற்றிக் குவித்த நெல் பொலி. அளக்கும்போது 'பொலி, பொலி' என்று கூவுவது பெருக வேண்டும் என்பதற்காக. கொங்குப் பக்கம் இன்னொரு இடத்திலும் இந்தச் சொல் உயிரோடு இருக்கிறது: சினைக்கு விடும் காளை பொலிகாளை. ஆக, வங்கிப் பலகையில் இருக்கும் பலிசவும் தொழுவத்தில் கட்டிய பொலிகாளையும் ஒரே வேரில் கிளைத்தவை. (எருத்தேன்பதி என்ற பெயருக்குள்ளும் ஓர் எருது நிற்கிறதா என்று பார்க்கக் கை துறுதுறுக்கிறது. ஒலி ஒத்துப்போவதை மட்டும் வைத்து ஊர்ப்பெயருக்குப் பொருள் சொல்வது இந்த நூல் முழுக்க நான் வேண்டாம் என்று சொல்லிவரும் வேலை என்பதால் கையைக் கட்டிக்கொள்கிறேன்.)

பணம் குட்டி போடும் என்று நினைத்தது நாம் மட்டுமல்ல. கிரேக்கத்தில் 'டோகோஸ்' என்றால் பிள்ளைப்பேறு, பிறந்த பிள்ளை. வட்டிக்கும் அதே சொல். இதைப் பிடித்துக்கொண்டுதான் அரிஸ்டாட்டில் 'அரசியல்' நூலின் முதல் பகுதியில், காசிலிருந்து காசு பிறப்பதைப் போல இயற்கைக்கு விரோதமான சம்பாத்தியம் வேறில்லை என்று கோபப்பட்டார். சுமேரியரின் 'மாஷ்' ஆட்டுக்குட்டியையும் குறித்தது, வட்டியையும் குறித்தது. அவை இரண்டும் ஒரே சொல்தானா என்று அறிஞர்கள் இன்னும் சண்டை போடுகிறார்கள். அந்தச் சண்டைக்குள் நாம் போக வேண்டாம்.

ஜெர்மன் மொழியின் 'வூகர்' நமக்கு முக்கியம். இன்று அதற்குப் பொருள் கந்துவட்டி, கொள்ளை லாபம். நீதிமன்றத்தில் குற்றமாக ஒலிக்கும் சொல். ஆனால் பழைய ஜெர்மனில் அது விளைச்சல், கனி, பெருக்கம். செடி தறிகெட்டுப் படர்வதற்கு அந்த மொழியில் இன்றும் இதிலிருந்து பிறந்த வினைதான். நான்காம் நூற்றாண்டில் உல்ஃபிலா பைபிளை ஜெர்மனின் பழைய உறவு மொழியான கோதிக்கில் பெயர்த்தபோது, லூக்காவில் பணம் வட்டியோடு திரும்புவதைச் சொல்லும் இடத்தில் கிரேக்க 'டோகோஸ்' இருந்தது. அதற்கு அவர் போட்ட சொல் வூகரின் மூத்த சகோதரியான 'வோக்ர்ஸ்'. பிள்ளைப்பேற்றுக்கு நேராக விளைச்சல். ஊதா நிறத் தோலில் வெள்ளி மையால் எழுதிய அந்தப் பெயர்ப்பின் பிரதி ஸ்வீடனின் உப்சாலாவில் இருக்கிறது.

விளைச்சல் என்ற நல்ல சொல் எப்படிக் கெட்டது? சொல்லின் மேல் தப்பில்லை. வட்டி வாங்குவதே பாவம் என்று திருச்சபை தடை போட்டது. தடை செய்த தொழிலுக்கு இருந்த சொல் தானும் சேற்றில் விழுந்தது. பிற்காலத்தில் வட்டி சட்டப்படி சரி என்றானபோது, அந்த நாற்காலியில் உட்கார மரியாதையான வேறொரு சொல் தேவைப்பட்டது. அப்படி வந்து உட்கார்ந்தது 'ட்சின்ஸ்'. லத்தீன் 'கென்சுஸ்' என்பதன் பிள்ளை அது. ரோமாபுரியில் குடிகளின் சொத்தை எண்ணி மதிப்பிடுவது கென்சுஸ். அந்த மதிப்பீட்டைத் தொடர்ந்து வந்த வரியும், நில வாடகையும் ஜெர்மனில் ட்சின்ஸ் ஆகி, கடைசியில் வட்டியும் ஆனது. நம் வீட்டுக் கதவில் சாக்கட்டியால் எண் போட்டுவிட்டுப் போகும் சென்சஸும் இதே கென்சுஸ்தான்.

ட்சின்ஸ் எப்போது ஜெர்மனுக்குள் நுழைந்தது என்பதை அதன் முதல் எழுத்தே காட்டிக்கொடுக்கிறது. பழைய லத்தீனில் 'சீசர்' என்பதை 'கைசர்' என்றே சொன்னார்கள். அந்தக் காலத்தில் ஜெர்மன் வாங்கிய சொற்களில் 'க' அப்படியே இருக்கிறது: பேரரசனைக் குறிக்கும் கைசர், நிலவறையைக் குறிக்கும் கெல்லர். பிறகு லத்தீன் பேசியவர்களின் நாக்கில் 'எ', 'இ' ஒலிகளின் முன்னால் வரும் 'க' மெல்ல 'ட்ச' ஆனது. அதற்குப் பிறகு வாங்கியவை ட்செல்லே என்ற அறை, ட்சின்ஸ் என்ற வட்டி. கெல்லரும் ட்செல்லேயும் ஒரே லத்தீன் வீட்டுப் பிள்ளைகள். நுழைந்த காலம்தான் வேறு. மண்ணடுக்கை வைத்துப் பானையின் வயதைச் சொல்வது போல இது.

கால்நடைக்கும் பணத்துக்கும் இவ்வளவு நெருக்கம் என்றதும் ஒரு பிரபலமான கதை குறுக்கே வந்து நிற்கும்: 'காப்பிட்டல்' என்பது தலையைக் குறிக்கும் லத்தீன் 'காபுட்' என்பதிலிருந்து வந்தது; மாட்டைத் தலை தலையாக எண்ணியதால் முதலுக்கு அந்தப் பெயர். கேட்க நன்றாக இருக்கிறது. நடந்தது பெரும்பாலும் தலைகீழ். கடனின் தலைப்பகுதி, அதாவது அசல், என்ற பொருளில்தான் அந்தச் சொல் முதலில் பணக் கணக்குக்குள் வந்தது. தமிழ் 'முதல்' என்று சொல்வதும் அதே யோசனைதான். அசையும் சொத்து என்று அது விரிந்து, பிறகு ஆங்கிலத்தில் அசையும் சொத்துகளில் முக்கியமான மாட்டைக் குறிக்கும் 'கேட்டில்' ஆகச் சுருங்கியது. பிரெஞ்சில் குத்தகைக்கு விட்ட மந்தை 'ஷெப்டெல்' ஆனதும் அதே வழியில்தான். 1804ஆம் ஆண்டின் நெப்போலியன் சட்டத் தொகுப்பில் 'இரும்பு ஷெப்டெல்' என்று நம் ஜெர்மன் மாடு பிரெஞ்சு உடையில் வந்து நிற்கிறது. பணம் மாடானது இது.

மாடு பணமானதற்கு வழக்கமாகக் காட்டும் சான்று, லத்தீனில் கால்நடையைக் குறிக்கும் 'பெகுஸ்', பணத்தைக் குறிக்கும் 'பெகூனியா'. ஜெர்மன் ஃபீயும் அதே குடும்பம். அதிலும் 1969இல் எமில் பென்வெனிஸ்ட் என்ற பிரெஞ்சு மொழியியலாளர் குறுக்கே விழுந்து, அந்த வேருக்கு முதல் பொருளே அசையும் சொத்துதான், கால்நடை பிறகு வந்தது என்று வாதாடினார். திருக்குறளின் 400ஆம் குறளில் 'மாடு' செல்வம் என்ற பொருளில் வருவதை இங்கே நினைத்துக்கொள்ளலாம். மாட்டிலிருந்து செல்வமா, செல்வத்திலிருந்து மாடா என்று பென்வெனிஸ்ட் கேட்ட கேள்வியை நாமும் நம் சொல்லிடம் கேட்க வேண்டியிருக்கிறது.

பொலிசை போன பிறகு தமிழ் பிடித்துக்கொண்டது வட்டி. வட மொழியின் 'விருத்தி', பிராகிருதத்தில் 'வட்டி' போல் ஒலித்து, தெலுங்கில் வட்டியாகவும் கன்னடத்தில் பட்டியாகவும் பரவியது என்பது பலரும் ஏற்கும் வழி. கன்னடம் சொல் முதலில் வரும் வகரத்தைப் பகரமாக்கும். நம் வெல்லம் அங்கே பெல்ல. விருத்தி என்றாலும் வளர்ச்சிதான். சங்கப் பாட்டில் வட்டி என்றால் கூடை என்பதால், கூடைக் கணக்கில் நெல் அளந்து கொடுத்ததே வட்டி என்றும் சிலர் சொல்வார்கள். எனக்கு அந்தக் கூடை பிடித்திருக்கிறது. ஆனால் பிடித்திருப்பது சான்றாகாது.

எல்லையில் இந்தச் சொற்கள் ஒன்றையொன்று எப்படி நடத்துகின்றன என்று பாருங்கள். மலையாளத்தில் வங்கி வாங்குவது பலிச. வீட்டு வாசலில் வந்து நின்று மிரட்டி வாங்குவது 'வட்டிப்பலிச'. 'கொள்ளப்பலிச' என்றும் சொல்வார்கள். தமிழ்நாட்டில் மரியாதையாக நடமாடும் வட்டி, மலையாளத்துக்குள் போனதும் கெட்ட பேர் எடுத்துவிட்டது. ஜெர்மானியர்கள் கந்துவட்டியை 'வூகர்ட்சின்ஸ்' என்கிறார்கள். கெட்டுப்போன வட்டிச் சொல் முன்னால், நல்ல பேர் எடுத்த வட்டிச் சொல் பின்னால். வட்டிப்பலிசவும் அதே அச்சு. தமிழ்நாடு 2003இலும் கேரளம் 2012இலும் அநியாய வட்டிக்குத் தடைச் சட்டம் போட்டன; இரண்டு சட்டத்துக்கும் நடுவில் இருக்கிறது எருத்தேன்பதியின் சந்தைப் பாதை. கந்துவட்டிக்காரரின் நோட்டில் இருப்பதும் சாவா மூவாப் பேராடுதான். கோமாரி வந்தால் என்ன, மழை தப்பினால் என்ன, அவர் கணக்கில் எதுவும் செத்ததில்லை.

இப்போது மாட்டின் சாவைக் கணக்கில் ஏற்ற மூன்றாவது ஆள் வந்திருக்கிறார். காப்பீடு செய்த மாட்டின் காதில் பன்னிரண்டு இலக்க எண்ணோடு மஞ்சள் வில்லை ஒன்று தொங்கும். மாடு செத்தால் அந்த வில்லை காதில் இருக்க வேண்டும். இல்லையென்றால் பணம் இல்லை. சொந்த மாட்டுக்கு இதில் சிக்கல் ஒன்றுமில்லை. வாரத்து மாட்டைப் பிடித்துக்கொண்டு இரண்டு பேரும் சேர்ந்து கால்நடை ஆஸ்பத்திரிக்குப் போனால், வில்லையைக் குத்துவதற்கு முன்னால் ஒரு கேள்வி வரும்: "யார் பேரிலே எழுதறது?"